இங்கிலீஷில் மட்டும் இறந்துபோன மாப்பிள்ளை

செவ்வாய், காலை எட்டு மணி, சாங்கி.

திருச்சியிலிருந்து வந்த விமானம் எங்களை ஒரு கம்பளத்தின் மேல் இறக்கிவிட்டது. விமான நிலையம் முழுக்கக் கம்பளம். காலடிச் சத்தம் கேட்காத இடத்தை நான் நம்புவதில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. குடிநுழைவில் மனிதர்கள் இல்லை, ஒரு கருவிதான் இருந்தது. அது என் முகத்தைப் பார்த்தது, கட்டைவிரலைக் கேட்டது, கண்ணாடிக் கதவைத் திறந்தது. ஒரு கேள்வி கிடையாது. எங்கள் பக்கம் அரசாங்கக் கதவு கேள்வியில்லாமல் திறந்தால் உள்ளே ஏதோ விவகாரம் காத்திருக்கிறது என்று அர்த்தம். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

வெளியே ராஜாங்கம் நின்றிருந்தார். என் தங்கை தேவகியின் கணவர். துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் சாரம் கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நிரந்தரவாசியாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மகளைக் கோவையில் கல்லூரியில் சேர்த்த பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான். “சிங்கப்பூர் பாக்க வாங்க மச்சான், டிக்கெட் நான் போடுறேன்” என்று இரண்டு வாரம் முன்பு போனில் சொன்னபோதே எனக்கு இடித்தது. பட்டுக்கோட்டைக்கு வந்தால் பஸ் டிக்கெட்டையே என் கையில் விட்டுவிடுகிற மனிதர் அவர்.

ரயில் ஏறினோம். எக்ஸ்போவில் மாறினால் தெம்பனிஸ் மூன்றாவது நிறுத்தம். ஆளுக்கு இரண்டு வெள்ளிகூட ஆகவில்லை. இங்கே டாலருக்கு அப்படித்தான் பெயர். பெட்டியில் எதிரே இருந்த ஆறு பேரும் ஒரே சாய்வில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மச்சான், உங்களுக்கு இங்கிலீஷ் கேட்டா புரியும்ல?”

“எம்.ஏ. படிச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா மாப்ள இது?”

தமிழ் எம்.ஏ. என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் திருப்தி எனக்குப் பிடிக்கவில்லை.

தெம்பனிஸில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு அவர்களுடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். தே என்று இங்கே சொல்லும் டீ ஒன்று ஒரு வெள்ளி அறுபது காசு. கிளாஸின் விளிம்பில் நுரை நின்றது. அவர் குடிக்கவில்லை.

“வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மச்சான். உங்க தங்கச்சி மூணு மாசமா லிட்டில் இந்தியாவுல, தேக்கா பக்கம் ஒரு இங்கிலீஷ் கிளாஸுக்குப் போறா.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். தினம் சாயந்திரம் ஆறரைக்கு அவளுக்கு ஒரு போன் வரும். ஆம்பள குரல். உடனே லிஃப்ட் புடிச்சுக் கீழ இறங்கிடுவா. தூணுக்குத் தூணு நடந்துக்கிட்டே இங்கிலீஷ்ல பேசுவா. சிரிப்பா. மூணு வாரம் முன்னாடி ஒருநாள் பின்னாடியே போயி தூணுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன்.” கிளாஸை ஓரமாகத் தள்ளிவைத்தார். “‘மை ஹஸ்பண்ட் பாஸ்ட் அவே’ன்றா.”

என் கணவர் காலமாகிவிட்டார்.

“உங்களுக்குச் சரியாக் காதுல விழுந்துச்சா?”

“அந்த ரெண்டு வார்த்தை எனக்குத் தெரியாதா? எங்க யார்டு வாட்ஸப் குரூப்ல வந்துக்கிட்டேதான் இருக்கும். அம்மா பாஸ்ட் அவே, மாமா பாஸ்ட் அவே. அது வந்தா அடுத்த மெசேஜ் லீவு கேட்டு வரும்.” குரல் தணிந்தது. “நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எவன்கிட்டயோ நான் செத்துட்டேன்னு சொல்லிக்கிட்டு நடக்குறா. ஒரு பொம்பள வாயில வர்ற வார்த்தையா இது?”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டு, ஆமான்னுட்டா?”

தேவகிக்குச் சனிக்கிழமை காலை குவீன்ஸ்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்கு நேர்முகம் என்று சொன்னார். முழுக்க இங்கிலீஷில் பேச வேண்டுமாம். அதற்காகத்தான் வகுப்பு என்பது அவள் சொல்லும் காரணம்.

“நீங்க கேட்டுச் சொல்லுங்க மச்சான். அவ அண்ணன்தான் நீங்க, ஆனாலும் ஒளிக்காமச் சொல்லுங்க. சரியில்லன்னா சனிக்கிழமை போக வேணாம்னுடுவேன். கிளாஸும் வேணாம், வேலையும் வேணாம்.”

இதற்காகத்தான் டிக்கெட். தேவகிக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசிவரை வராத பாடம் இங்கிலீஷ். அதை நாற்பத்து மூன்று வயதில் திரும்பவும் தொட்டிருக்கிறாள். அதைத் தொடர விடுவதா வேண்டாமா என்பது என் காதில் வந்து நிற்கிறது. நுரை அடங்கிய தேநீரை நானே குடித்தேன்.

*

அன்று மாலை, ஆறரை.

இங்கே புளோக்குகளின் தரைத்தளத்தில் வீடு கிடையாது. தூண்களும் காற்றும் சில கல் மேசைகளும்தான். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான் என்றார் ராஜாங்கம். போன் வந்ததும் தேவகி, “அண்ணே, தோசை மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு” என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்கினாள். அடுத்த லிஃப்டில் நான். சதுரங்கக் கட்டம் வரைந்த ஒரு கல் மேசையில் போய் உட்கார்ந்து, வராத எதிராளிக்குக் காத்திருப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

புத்தகத்தில் இங்கிலீஷ் எனக்கு நின்று நிதானமாகத் தெரியும். காதில் விழும்போது அது ஓடும் ரயில். ஜன்னல்கள் தெரியும், முகங்கள் தெரியாது. அவள் ஒவ்வொரு முறை என்னைக் கடந்தபோதும் இரண்டு மூன்று சொற்கள் மட்டும் கையில் சிக்கின. வாடகை. டாக்டர். தனியாக. பிறகு சிரிப்பு. கடைசியில் அதுவும் வந்தது, தெளிவாக: மை ஹஸ்பண்ட் பாஸ்ட் அவே. வீட்டில் வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

காலையில் ராஜாங்கத்தின் சந்தேகமாக இருந்தது மாலைக்குள் என்னுடையதாகிவிட்டது. சிரித்தாளே, அதற்குத்தான்.

மேலே வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். “யாரு தேவகி போன்ல?”

“கிளாஸ் ஆளுண்ணே. பிராக்டிஸ்.”

“பேரு?”

“கேப்டன்.”

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சொல்ல விரும்பியதையெல்லாம் சீறிவிட்டு அடங்கியது.

*

புதன். லிட்டில் இந்தியா.

தெம்பனிஸிலிருந்து நீலத் தடத்தில் மாறாமல் உட்கார்ந்தே வந்துவிடலாம், முக்கால் மணி நேரத்துக்குள். வகுப்பு நாளை. ஆனால் அந்த இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒருநாள் முன்னதாகப் பார்த்துவிட நினைத்தேன். அறிவிப்பில்லாமல் போனால்தான் ஓர் இடம் தன் முகத்தைக் காட்டும்.

நிலையத்திலிருந்து ஏறி வந்தால் மல்லிகை வாசனை, பக்கத்திலேயே மீன் வாடை. சிராங்கூன் சாலையில் என் மொழி என்னைவிடச் சத்தமாக நடந்துகொண்டிருந்தது. கேம்பல் லேனில் ஒரு பூக்கடை முழம் என்ன விலை என்று கேட்டால் மாலையாகத்தான் தருவோம் என்றது. டன்லப் தெருவில் தேவகி சொன்ன கதவைக் கண்டுபிடித்தேன். கீழே பயணப்பெட்டி விற்கும் கடை. பக்கத்தில் ஒற்றை ஆள் ஏறும் மாடிப்படி, பூட்டிய கம்பிக்கதவு. பெயர்ப்பலகை இல்லை. ஊரே நான்கு மொழியில் பலகை வைக்கிறபோது ஒரு பள்ளிக்கு ஒரு மொழியில்கூடப் பலகை இல்லை.

பெட்டிக் கடைக்காரரைக் கேட்டேன். “மேல இங்கிலீஷ் கிளாஸ் நடக்குதா?”

“நடக்குது நடக்குது. பகல்ல யாரும் இருக்க மாட்டாங்க. நீங்க சேரணுமா?”

“சும்மா கேட்டேன்.”

“சும்மாதான் எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் வந்து சேந்துடுவாங்க லா. இந்தப் பெட்டிய பாருங்க, எண்பது வெள்ளி. உங்களுக்கு அறுபது.”

எனக்கு எதற்கு இருபது குறைகிறது, பேச்சின் வாலில் இந்த ஊர் ஒட்டும் அந்த ‘லா’ எதற்கு என்று யோசித்தபடி நகர்ந்தேன்.

தேக்கா சாப்பாட்டு நிலையத்தில் பிரியாணித் தட்டுடன் காலி மேசை ஒன்றில் உட்காரப்போனேன். பக்கத்து மேசையில் அலுவலக அட்டை தொங்கவிட்ட ஒரு தமிழ்ப் பெண் தடுத்தாள். “அங்கிள், அங்க ஆள் இருக்காங்க.”

“எங்கம்மா இருக்காங்க?”

“டிஷ்யூ இருக்குல்ல.”

மேசை நடுவில் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்று. அதை வைத்தால் இடம் பிடித்தாகிவிட்டதாம். ஆள் எங்கோ வரிசையில் நிற்கிறார், அவருக்குப் பதில் இது இருக்கிறது, ஊரே அதை மதிக்கிறது. தட்டை ஏந்திக்கொண்டு நின்றபடி தேவகியைப் பற்றி நினைத்தேன். இல்லாத ஆளை இருப்பதாக நம்பும் ஊரில், இருக்கும் ஆளை இல்லையென்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மாலை திரும்பியபோது அவளும் கடையிலிருந்து வந்தாள். ஒன்றாக லிஃப்டில் ஏறினோம். உள்ளே கொசு ஒழிப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தது. கதவு மூடியதிலிருந்து ஒன்பதாவது மாடிவரை அதை வாய்விட்டு வாசித்தாள். இடையில் ஏறிய சீனக் கிழவர் ஒருவர் ஒரு சொல்லைத் திருத்தினார். அவள் திருத்திச் சொன்னாள். அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு இறங்கிக்கொண்டார். ‘தேங்க்யூ அங்கிள்’ என்று மூடும் கதவுக்குள் சொன்னாளே, அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. குனிந்து பேசாத குரல்.

*

வியாழன், மாலை ஏழரை. டன்லப் தெரு.

“நீயும் வர்றியாண்ணே? வா. ஆனா பேசாம உக்காந்திருக்கணும்” என்று அவளே கூப்பிட்டாள். ஒளிக்க எதுவும் இருப்பவள் கூப்பிடுவாளா? ஒளிக்கத் தெரிந்தவள் கூப்பிடுவாள். இரண்டையும் யோசித்தபடி அந்த ஒற்றை ஆள் படியில் ஏறினேன்.

மேலே நீளமான அறை. மின்விசிறிகள் மூன்று, மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் முப்பதுக்குக் கீழ் வயதிருக்காது. ஆசிரியை பெயர் நளினி. அறுபதை ஒட்டிய வயது, குட்டை முடி. மூன்று தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் என்று அறிமுகத்திலேயே சொன்னார். அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று இதை நடத்துகிறாராம்.

அன்றைய பாடம், தெரியாத சொல்லுக்கு முன்னால் நின்றுவிடாமல் இருப்பது. சொல் தெரியவில்லையா, சுற்றிப் போ. கரண்டிக்குப் பெயர் வரவில்லையா, ‘குழம்பை எடுக்கிற நீளக் கை’ என்று சொல், ஆனால் வாயை மூடாதே. ஒவ்வொருவராக எழுந்து சுற்றிப் போனார்கள். எதையோ சுற்றிச் சுற்றி வந்த ஒரு வங்காளதேசக்காரர் கடைசியில் கையால் காட்டினார். குடை. எல்லோரும் கைதட்டினார்கள்.

என்னை உறுத்தியது வேறு. பேச எழுந்த ஒருவர்கூடத் தானாகப் பேசவில்லை. பாத்திரம் கழுவி வெடித்த கைகளுடன் இருந்த ஒரு சீனப் பெண் தன்னை விமானி என்றாள். குடைக்காரர் தனக்கு ஏழு பேரப்பிள்ளைகள் என்றார். அவருக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. என் தங்கை எழுந்தாள். தன் பெயர் ரோஸி என்றாள். தனியாக வாழ்கிறாளாம். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். வந்தது.

இடைவேளையில் நளினியைப் பிடித்தேன். “இது என்னங்க, எல்லாரும் பொய் சொல்றாங்க?”

சிரித்தார். “சொந்தக் கதைய பேசச் சொன்னா மூணு சென்டன்ஸ்ல முடிஞ்சிடும் லா. மை நேம் இஸ், ஐ கம் ஃப்ரம், ஐ ஹேவ் ஒன் டாட்டர். அதுக்கு மேல கேட்டா வெக்கப்படுவாங்க, இல்லன்னா அழுதுடுவாங்க. அதனால முதல் நாளே ஆளுக்கு ஒரு வேஷம் குடுத்துடுவேன். வேற ஆளா இருந்தா வாய் திறக்கும்.”

“அந்தக் கேப்டன்?”

“அவர் மண்டே கிளாஸ். தினமும் பத்து நிமிஷம் போன்ல பேசணும்னு ஜோடி சேத்து விடுவேன். தமிழாளத் தமிழாளோட சேர்த்தா இங்கிலீஷ் எங்க வரும்? அதனால மொழி வேற, கிளாஸ் வேற. முகம் பாத்துக்கக் கூடாது, நிஜப் பேர் சொல்லக் கூடாது. யாருன்னு உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ரூல்.”

வேஷம், அவ்வளவுதான். ராஜாங்கத்திடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “இருந்தாலும் புருஷன் இருக்கிறவளுக்கு விதவை வேஷமா குடுக்கணும்?”

நளினியின் முகம் கொஞ்சம் மாறியது. “எனக்கும் உறுத்துச்சு. நம்ம ஆளுங்க அதையெல்லாம் பாப்பாங்கன்னு மறந்துட்டேன். அடுத்த வாரமே கூப்பிட்டு, மாத்திக்கிறீங்களா, டீச்சர் வேஷம் காலியா இருக்குன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“வேணாம் மிஸ், இதே இருக்கட்டும்னாங்க.”

*

திரும்பும் ரயில். உட்கார இடம் இருந்தும் இருவரும் கதவோரம் நின்றோம். பென்கூலன் நிலையம் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

“வேஷத்த மாத்திக்கச் சொன்னாங்களாமே.”

“ஆமா.”

“வேணாம்னியாமே.”

“ஆமாண்ணே.”

“ஏன்?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “புருஷன் இருக்கறவளுக்கு இங்கிலீஷ் எதுக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். “கிளினிக்குக்குப் போனா அவர் பேசுறார். எனக்கு வயித்து வலின்னு அவர் சொல்றார். வீட்டு விஷயமா வீவக ஆபீஸ்ல அவர், பேங்க்ல அவர், மார்க்கெட்ல மீன்காரன்கிட்டகூட அவர். நல்ல மனுஷன், வாஸ்தவம். ஆனா நான் பேச என்ன இருக்கு? ரோஸி அப்படியில்ல. குழாய் ஒழுகுனா அவதான் ஆளக் கூப்பிடணும். வாடகை ஏத்துனா அவதான் சண்ட போடணும். காய்ச்சல்னா எங்க வலிக்குதுன்னு அவதான் டாக்டருக்குச் சொல்லணும். அவளுக்குப் பேச அவ்வளவு கெடக்குண்ணே. டீச்சர் வேஷம் எடுத்தா குட் மார்னிங் சொல்லிட்டு உக்காந்துடுவேன்.”

“சரி. அந்த வார்த்தைய சொல்ல நாக்கு எப்படி வருது?”

யோசித்தாள். “தமிழ்ல வராது. செத்தாலும் வராது. இங்கிலீஷ்ல அது சும்மா சத்தம் மாதிரி இருக்கு.”

எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதி என்னைக் கடித்தது. சத்தம் மட்டும்தானா? ஒரு சத்தத்தை மூன்று மாதம் தினமும் சொன்னால் உள்ளே எங்காவது அது இடம் பிடித்துவிடாதா? கேட்கவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

“மாப்பிள்ளைக்குத் தெரியும். தூணுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கார்.”

அவள் கை கம்பியை இறுகப் பிடித்தது. “எப்ப?”

“மூணு வாரம் இருக்குமாம்.”

“மூணு வாரமா என் கையால சாப்பிட்டுக்கிட்டு, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.” அவளுடைய முகம் எனக்குத் தெரியாத ஒரு முகமாக இருந்தது. “உன்ன ஃபிளைட்ல வரவச்சுக் கேக்குறாரு. நீயும் வந்தியே!”



*

வெள்ளி. ராஜாங்கம் மதிய ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நேரத்தோடு வந்தார். அதே காப்பிக்கடை. நடந்ததைச் சொன்னேன். வேஷம் என்றதும் முகம் தெளிந்தது. மாற்றிக்கொள்ளச் சொல்லியும் மறுத்தாள் என்பதை விழுங்கிவிட முடியுமா என்று ஒரு கணம் பார்த்தேன். முடியவில்லை. அதையும் சொன்னேன், அவள் சொன்ன காரணத்தையும் சொன்னேன். தெளிந்த முகம் மறுபடி மூடிக்கொண்டது.

“மீன்காரன்கிட்ட நான் பேசுனது ஒரு குத்தமா மச்சான்?”

“குத்தம்னு அவ சொல்லல.”

“அதுக்கு என்னைக் கொல்லணுமா?”

சனிக்கிழமை பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுந்தார்.

வீட்டில் மூன்று பேரும் இடியாப்பத்தின் முன்னால் உட்கார்ந்தோம். தேவகி தேங்காய்ப்பால் ஊற்றினாள். ராஜாங்கம் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“அந்த ஆளு எப்படிச் செத்தான்?”

தேவகி நிமிரவில்லை. “யாரு?”

“ரோஸி புருஷன்.”

“இன்னும் சொல்லல. கேப்டன் கேட்டுக்கிட்டேதான் இருக்கார். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே வர்றேன்.”

“இங்கிலீஷ் வரலையா?”

அவள் அவர் தட்டில் இன்னொரு இடியாப்பத்தை வைத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டறையில் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவராயிற்றே, அந்தத் தோரணையில் சொன்னார். “ஃபெல் ஃப்ரம் ஹைட். உசரத்துலேர்ந்து விழுந்துட்டான். ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதுவாங்க.”

“அது வேணாம்.”

“ஏன், ஈஸியா இருக்கே?”

“வேணாங்க.” கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் இடித்தது. “அது உங்க வேலையில நடக்குறது. அதச் சொல்ல மாட்டேன். நீங்க துவாஸுக்குக் கிளம்புன அப்புறம் அந்த நினைப்ப விரட்டத்தான் நான் எதையாவது படிச்சுக்கிட்டிருக்கேன். ரோஸி புருஷன் வேற ஆளு. வாத்தியாரு. தூங்குனவரு எந்திரிக்கல. அவ்வளவுதான்.”

நான் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். ராஜாங்கம், “வாத்தியாரா?” என்றார். “என்ன பாடம்?”

“கணக்கு.”

“நல்ல சம்பளமோ?”

“செத்த ஆளோட சம்பளம் உங்களுக்கு எதுக்கு?”

“சும்மா கேட்டேன்.” செத்துப்போன கணக்கு வாத்தியார்மேல் அவருக்கு அப்போதே பொறாமை வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஆறரை. போன் அடித்தது. தேவகி எழப்போனாள், பிறகு உட்கார்ந்தாள். மேசைமேல் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். கேப்டனின் குரல் எங்கள் தேங்காய்ப்பாலுக்கு நடுவில் வந்து நின்றது. கனத்த, தயங்கும் குரல். குட் ஈவினிங் ரோஸி. சாப்பிட்டாயா. மழை பெய்ததா. பிறகு, மெதுவாக, உன் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டார்.

தேவகி தொடங்கினாள். “மை ஹஸ்பண்ட் பாஸ்ட் அவே…” நின்றாள். உதவி கேட்டுப் பார்த்தது என்னை அல்ல. ராஜாங்கம் உதட்டை மட்டும் அசைத்தார். “இன் ஹிஸ் ஸ்லீப்.”

“இன் ஹிஸ் ஸ்லீப்” என்றாள்.

‘ஐ ஆம் வெரி சாரி, ரோஸி’ என்றது குரல். அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு பெண் குரல் எங்களுக்குத் தெரியாத மொழியில் அதட்டியது. கேப்டன் உடனே இன்னும் நீளமாக, இன்னும் சரியாக, அதே அனுதாபத்தைத் திரும்பச் சொன்னார்.

ராஜாங்கம் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். “அங்கயும் ஒருத்தி பக்கத்துலயே இருக்கா மச்சான்.” தோள் குலுங்கியது. தன் இரங்கலைத் தானே கேட்டுக்கொண்டிருக்கும் மனிதனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர் சிரித்தாரா என்பதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

*

சனி, காலை. தெம்பனிஸிலிருந்து பச்சைத் தடத்தில் ஏறினால் குவீன்ஸ்டவுன்வரை மாற வேண்டாம். மாலை எனக்கு விமானம், அதனால் பெட்டியோடு போனேன். நாங்கள் வர வேண்டாம் என்று தேவகி சொல்லியிருந்தாள். ராஜாங்கம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவள் செருப்பை மாட்டினாள். தடுத்து நிறுத்தத்தான் வருகிறாரோ என்று வழியெல்லாம் அவரையே பார்த்தேன்.

குவீன்ஸ்டவுனில் புளோக்குகள் உயரம் குறைவு, மரங்கள் வயதானவை. முதியோர் இல்லம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கிருமிநாசினி வாசனைக்கு அடியில் கஞ்சி வாசனை. நீலச் சீருடை அணிந்த மலாய்ப் பெண்மணி ஒருவர் தேவகியை உள்ளே அழைத்துப் போனார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். கதவு முழுக்க மூடவில்லை. தேவகியின் குரல் வந்தது, ஓரிடத்தில் நின்றது, பிறகு எதையோ சுற்றிச் சுற்றிப் போய் மறுபடி வழிக்கு வந்தது. ராஜாங்கம் முட்டியில் கை வைத்துக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு முறை அவர் உதடு தானாக அசைந்தது.

அரைமணி கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். திங்கள் முதல் பயிற்சிக்கு வரலாம் என்பது தேவகியின் முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பெண்மணி ராஜாங்கத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும், இரவு ஷிஃப்டும் வரும், கணவராக உங்களுக்குச் சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டார். அது எனக்குக்கூடப் புரிந்தது.

ராஜாங்கம் எழுந்து நின்றார். தேவகி தரையைப் பார்த்தாள்.

“ஆஸ்க் ஹர்” என்றார்.

அவளைக் கேளுங்கள். இரண்டே சொல். அவள் நிமிர்ந்து, தனக்குச் சம்மதம் என்று இங்கிலீஷில் முழு வாக்கியமாகச் சொன்னாள்.

நான் சாங்கிக்கும் அவர்கள் வீட்டுக்குமாக ஒன்றாகத் திரும்பிய ரயிலில் அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்பக் காதில் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு கணவன் ‘அவளையே கேளுங்க’ என்றால் அதில் கோபம்தான் இருக்கும். ஒரு கதவு படாரென்று சாத்தப்படும். வேறு விதமாக அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் என் வீட்டில் வேறு விதமாகச் சொன்னதில்லை. ராஜாங்கம் அதைத் தமிழில் சொல்லியிருந்தால் என்ன நினைத்தார் என்பது அரை நொடியில் தெரிந்திருக்கும். இங்கிலீஷில் அது கோபமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், அதற்கெல்லாம் அப்பால் எங்கள் பக்கம் இன்னும் பெயர் வைக்காத ஒன்றாகவும் இருக்கலாம். குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேவகி கண்டுபிடித்திருப்பாள். அவளிடம் கேட்டிருக்கலாம். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.